நாப்பதாயிரம் ரூபாய்க்கு எந்த கேமரா வாங்கலாம்? மொதல்ல ஒரு ஹெட்ஃபோன் வாங்குங்க டீச்சர்

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"வணக்கம் சார். கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில தமிழ் டீச்சரா இருக்கேன். சனிக்கிழமை ஆனா ஒன்பதாம் வகுப்பு பசங்க 26 பேரை வெச்சு ஒரு திரைப்பட மன்றம் நடத்துறேன். இதுவரைக்கும் போன்லயே மூணு குறும்படம் எடுத்தோம், ஆண்டு விழால போட்டோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கல, ஹெச்.எம். பாதியில எழுந்து போயிட்டாரு. இப்ப பழைய மாணவர்கள் சேர்ந்து நாப்பதாயிரம் ரூபா குடுத்திருக்காங்க. எந்த கேமரா வாங்கலாம்? இன்னொண்ணு, நல்ல போன் வெச்சிருக்குற ஒரு பையன்தான் எப்பவும் டைரக்டர். பொண்ணுங்க ஒண்ணு அம்மா வேஷம் போடுறாங்க, இல்லன்னா வேடிக்கை பாக்குறாங்க. அப்புறம் ஒரு பையன் சினிமாதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், அவங்கப்பா போட்டுல கடலுக்கு போறவரு, நீங்கதான் அவனை கெடுத்தீங்கன்னு ஸ்கூலுக்கே சண்டைக்கு வந்துட்டாரு. அவர்கிட்ட என்ன சொல்றது?"

வணக்கம் டீச்சர். முன்னாடியே சொல்லிடுறேன், நான் சவுண்டு ஆளு. பதினேழு வருஷமா ஷூட்டிங் ஸ்பாட்ல காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஓரமா நிக்கிறவன், அதனால நான் சொல்றது கொஞ்சம் ஒரு பக்கமாதான் இருக்கும், அதை கழிச்சுக்கிட்டு படிங்க. ஆனா நீங்க அனுப்புன மூணு படத்தையும் ரெண்டு தடவை பாத்துட்டுதான் எழுதுறேன். கேமரா வாங்காதீங்க. உங்க பசங்க எடுத்த படத்துல படம் ஒண்ணும் மோசமில்ல, அந்த மாடிப்படி ஷாட் எல்லாம் எனக்கு நிஜமாவே புடிச்சிருந்துது. காதுதான் இல்ல. லட்ச ரூபா கேமரால எடுத்திருந்தாலும் உங்க ஹெச்.எம். அதே நிமிஷத்துலதான் எழுந்து போயிருப்பாரு.

மொத படத்துல கிளாஸ்ரூம்ல ரெண்டு பசங்க பேசுறாங்க, போன் கதவுகிட்ட இருக்கு, எப்படியும் பன்னெண்டு அடி தூரம். மேல ரெண்டு ஃபேன் ஓடுது. ஷூட் பண்ணும்போது அங்க நின்ன எல்லாருக்கும் வசனம் நல்லா கேட்டிருக்கும், ஏன்னா நம்ம மூளை தனக்கு வேணும்ங்குற சத்தத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கும், ஃபேனை தள்ளி விட்டுடும். மைக்குக்கு அந்த புத்தி கிடையாது. போன்ல இருக்குற மைக் சுத்துவட்டாரத்துல இருக்குற எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒரே மரியாதையோட எடுக்கும். பேசுறவனுக்கும் மைக்குக்கும் நடுவுல தூரம் டபுளானா சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்குற கணக்கு) இறங்கும். மூணு அடில இருந்து ஆறு அடி, ஆறுல இருந்து பன்னெண்டு, ஆக 12 டெசிபல் போச்சு, வர்ற அழுத்தம் கால்வாசிதான். ஃபேன் சத்தம் மட்டும் அப்படியே இருக்கு. எடிட்டிங்ல வால்யூமை ஏத்துனா ஃபேனும் சேந்து ஏறும், அதான் உங்க படத்துல நடந்துது. இது உங்க சயின்ஸ் டீச்சர் நடத்துற பாடம்தான், அவரையும் ஒரு சனிக்கிழமை உள்ள இழுத்து விடுங்க.

ரெண்டாவது படத்துல பிரச்சனையை மறைக்க மொத்தத்துக்கும் சோக மியூசிக் போட்டுட்டீங்க. மூணாவது சில்வர் பீச்ல எடுத்தது, அதுல காத்து மைக்ல அடிச்சு புர்ருனு ஒரு சத்தம், அவ்ளோதான், அந்த பையன் என்னமோ உருக்கமா பேசுறான் பாவம், உதடு மட்டும் ஆடுது.

பசங்களை குத்தம் சொல்ல முடியாது. நம்ம தமிழ் சினிமாவே பெரும்பாலும் டப்பிங்ல வளந்தது. ஸ்பாட்ல எடுக்குற சத்தத்துக்கு பைலட்னு பேரு, அப்புறம் ஏசி ரூம்ல உக்காந்து பேசித்தான் நெசக்குரல் ஏறும். அதனால வாய் ஒரு இடத்துல, குரல் ஒரு இடத்துலங்குறது நமக்கு பழகிப்போச்சு. ஒன்பதாம் கிளாஸ் பையன்கிட்ட டப்பிங் தியேட்டர் ஏது, அவன் ஸ்பாட்லயே புடிச்சாதான் உண்டு.

காசு செலவில்லாம நாளைக்கே பண்ணக்கூடியதை மொதல்ல சொல்றேன். இன்னொரு போனை எடுத்து ஃபிளைட் மோட்ல போட்டு வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணி பேசுற பையனோட சட்டை பாக்கெட்டுல வைங்க, மைக் ஓட்டை மேல பாத்து இருக்கணும், போன்ல வர்ற சாதா வயர் இயர்ஃபோன் இருந்தா இன்னும் நல்லது, அதுல இருக்குற குட்டி மைக்கை காலர் உள்பக்கம் பேப்பர் டேப்பால ஒட்டிடுங்க. ஒவ்வொரு ஷாட் ஆரம்பத்துலயும் கேமரா முன்னாடி ஒரு தடவை கை தட்டச் சொல்லுங்க. கை சேருற ஃப்ரேமும் அந்த டப் சத்தமும் எடிட்டிங்ல சேந்தா மத்ததெல்லாம் தானா சேரும், கிளாப் போர்டு கண்டுபுடிச்சதே அதுக்குத்தான், ஸ்டைலா போட்டோ எடுத்துக்க இல்ல. ஃபேனை நிறுத்துங்க, வேர்க்கும், வேர்க்கட்டும். ஜன்னல்ல ரெண்டு போர்வை தொங்க விடுங்க. இன்டர்வல் பெல்லுக்கு முன்னாடி பின்னாடி எடுக்காதீங்க. ஒவ்வொரு இடத்துலயும் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் முப்பது செகண்டு மூச்சு காட்டாம நின்னு அந்த இடத்தோட வெறும் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிக்குங்க, நாங்க அதை ரூம் டோன்னு சொல்லுவோம், வெட்டி ஒட்டுன இடத்துல ஓட்டை தெரியாம பூச அதான் சிமெண்ட்டு.

இப்ப நாப்பதாயிரத்துக்கு வருவோம். விலை மாசத்துக்கு மாசம் மாறும், கடைல கேட்டுக்குங்க, எதை எந்த வரிசைல வாங்கணும்னு மட்டும் சொல்றேன். மொதல்ல காதை முழுசா மூடுற நல்ல ஹெட்ஃபோன், பாட்டு கேக்குற டம் டம் டைப் வேணாம். ரெண்டாவது ஒரு சின்ன ரெக்கார்டர், மூணாவது ஒரு ஷாட்கன் மைக், அது எந்தப் பக்கம் நீட்டுறோமோ அந்தப் பக்கத்து சத்தத்தை மட்டும் அதிகமா எடுக்குற நீட்டு மைக். அதை தலைக்கு மேல நீட்டிப் புடிக்குற பூம் ராடுக்கு காசு குடுக்காதீங்க, ஒட்டடைக் குச்சி போதும். நான் மொத வருஷம் முழுக்க ஒட்டடைக் குச்சிலதான் வேலை பாத்தேன், அம்மா வீட்ல தேடித் தேடி திட்டுவாங்க. முனையில மைக்கை ரப்பர் பேண்டுல தொங்க விடுங்க, இறுக்கி கட்டுனா கை அசையுற சத்தம் ஏறும். பீச்சுல எடுக்குறதுன்னா மைக்குக்கு முடி வெச்ச கவர் கட்டாயம், கடைல வாங்கலாம், இல்ல பழைய கரடி பொம்மை துணியை தெச்சும் போடலாம். அப்புறம் காலர் மைக் வயர்லெஸ் ஒரு செட், ஆடாத ட்ரைபாட் ஒண்ணு, தெர்மகோல் ஷீட் ரெண்டு (வெளிச்சத்தை முகத்துல திருப்ப, கோடம்பாக்கத்துலயும் இதான்), ஹார்டு டிஸ்க் ஒண்ணு. மிச்சம் இருந்தா பசங்களுக்கு வடை டீ. சும்மா சொல்லல, பசியோட இருக்குற யூனிட்ல நல்ல டேக் வராது.

கேமராவுக்கு அந்த பையனோட போனே போதும், ரெண்டு மூணு விஷயத்தை மட்டும் கவனிச்சுக்குங்க. போனை படுக்க வெச்சு எடுங்க, முகத்து மேல விரலை அழுத்திப் புடிச்சு எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, லாக் பண்ணுங்க, இல்லன்னா ஆள் நகர நகர வெளிச்சம் ஏறி இறங்கும். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வெச்சா டியூப் லைட் மினுக்குறது அடங்கும். போன்ல வர்ற சாதா கேமரா ஆப் ஃப்ரேம் எண்ணிக்கையை அதுவா கூட்டிக் குறைக்கும், அதனாலதான் நீளமான ஷாட்ல போகப்போக குரல் உதட்டை விட்டு விலகுது, பிளாக்மேஜிக் கேமரானு ஒரு ஆப் ஓசியிலயே இருக்கு, போன்ல ஏறுச்சுன்னா அதுல ஃப்ரேமை ஒரே அளவா புடிச்சு வைக்கலாம். எடிட்டிங்குக்கு ஸ்கூல் கம்ப்யூட்டர் தாங்குனா டாவின்சி ரிசால்வ், அதுவும் ஓசிதான். பீச்சுல காலைல எடுத்திருக்கீங்க, நம்ம பக்கம் சூரியன் கடல்ல இருந்துல்ல வருது, கடலை பின்னாடி வெச்சா முகம் கரி அப்புன மாதிரிதான் இருக்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க, வெயில் ஊர் பக்கத்துல இருந்து வந்து முகத்துல விழும், பின்னாடி கடல் நீலமா நிக்கும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சாமான் கதை. நான் நெசமா சொல்ல நெனைக்கிறது வேற. உங்க படத்துல குரல் கேட்டிருந்தா என்ன கேட்டிருக்கும்? நீங்க ஸ்கிரிப்டும் அனுப்பியிருந்தீங்க, படிச்சேன். முதுநகர் பையன் ஒருத்தன் படத்துல அவங்கப்பாவை பாத்து "தந்தையே, தாங்கள் குடிப்பதை நிறுத்துங்கள்"ங்குறான். அதே பையன் அடுத்த சீன்ல சினிமா ஹீரோ மாதிரி பஞ்ச் பேசுறான். ரெண்டுமே அவன் பேச்சு இல்ல டீச்சர். கட்டுரை நோட்டு ஒண்ணு, டிவி ஒண்ணு. தமிழ் டீச்சரான உங்ககிட்ட இதை சொல்ல கொஞ்சம் பயமாதான் இருக்கு, ஆனா படத்துல வர்ற தமிழை நீங்க திருத்தாதீங்க. ஜெயகாந்தன் உங்க ஊர்க்காரரு, 1934-ல கடலூர்ல பொறந்தவரு, பெரிய படிப்பெல்லாம் படிக்கல, சேரி ஜனங்க பேசுறதை காதால புடிச்சு அப்படியே எழுத்துல கொண்டாந்தாரு, அப்புறம் 60-கள்ல தானே டைரக்டராகி படமும் எடுத்தாரு. காதுல இருந்து ஆரம்பிச்சவருன்னுதான் நான் அவரை நெனைச்சுக்குவேன்.

அதனால அடுத்த மாசம் முழுக்க கேமராவை தொடாதீங்க. மொத சனிக்கிழமை விடியக்காலைல துறைமுகத்துக்கு கூட்டிட்டுப் போங்க, பெரியவங்க ரெண்டு பேரை துணைக்கு வெச்சுக்குங்க. உப்பனாத்து ஓரமா உக்கார வெச்சு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடச் சொல்லுங்க. கேட்டதையெல்லாம் எழுதணும், வெறுமனே "சத்தம்"னு எழுதுனா ஒத்துக்காதீங்க. டீசல் இன்ஜின் சத்தம்னா போட்டு உள்ள வருதா வெளிய போவுதா? ஐஸ் உடைக்கிறது மரக்கட்டையாலயா மெஷின்லயா? ஏலம் கூவுற அம்மா குரல் எந்த ரூபாய்ல தேயுது? இதை எழுத ஆரம்பிச்சா இருபத்தாறு பசங்களுக்கு இருபத்தாறு லிஸ்ட் வரும், அதுல இருந்தே நாலு கதை கெடைக்கும். ரெண்டாவது வாரம் ஒவ்வொருத்தரும் வீட்ல ஆயா தாத்தா யாரையாவது அஞ்சு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிட்டு வரணும், கேட்டு கேட்டு அப்படியே எழுதணும், ஆயா "இன்னாடா பண்ற"ன்னு கேட்டா "என்ன செய்கிறாய்"னு எழுதக் கூடாது, இருமல் வந்தா இருமல்னு எழுதணும்.

என்ன கேக்கச் சொல்றதுன்னு யோசிப்பீங்க. உங்க பசங்க எல்லாம் 2004 சுனாமிக்கு அப்புறம் பொறந்தவங்க, ஊர்ல பாதி பேர் மனசுல அது அப்படியே கெடக்கு. 2011 டிசம்பர் 30-ல வந்த 'தானே'ங்குற புயலும் அப்படித்தான், பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்ச கதையை அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்குற புள்ளைங்க கேட்டுட்டு வரலாம். ஆனா ஒண்ணு, "சுனாமி பத்தி சொல்லு ஆயா"ன்னு மைக்கை நீட்டக் கூடாது. அப்படி கேட்டா டிவிக்கு சொன்னதையே திருப்பி சொல்லுவாங்க, இல்ல அழுவாங்க, அழுதா நல்ல ஷாட்டுன்னு பசங்க நெனைச்சுக்கும், அந்த பழக்கம் வரவே கூடாது. "அன்னிக்கு ஞாயித்துக்கிழமையாமே, காலைல இன்னா சமைச்ச ஆயா?" அப்படின்னு கேக்கச் சொல்லுங்க. அடுப்புல இருந்து அவங்களே நடந்து கடலுக்கு வருவாங்க. வரலன்னாலும் விட்டுடணும், அந்த அடுப்பே போதும்.

நீங்க எடுத்த மூணு படமும் கருத்துப் படம், குடி, செல்போன், பிளாஸ்டிக். போட்டிக்கு அனுப்புனா தலைப்பே அப்படித்தான் குடுக்குறாங்க, தெரியும். மன்றத்துக்கு எடுக்கும்போதாவது வேணாமே.

டைரக்டர் பையன் விஷயம். போன் அவனுது, அதனால படம் அவனுதுன்னு ஆயிடுச்சு, எல்லா ஊர்லயும் இதே கதைதான். ஒரு ரூல் போடுங்க, போன் யாருதோ அவன் அந்தப் படத்துல டைரக்டர் கிடையாது. சீட்டு குலுக்கிப் போட்டு வேலையை பிரிங்க, ஒவ்வொரு படத்துக்கும் மாறணும். ஹெட்ஃபோன் மாட்டுறவங்களுக்கு ஒரு அதிகாரம் குடுங்க: அவங்க ஓகே சொல்லாம எந்த டேக்கும் ஓகே ஆகாது. மொத மூணு படத்துக்கு அந்த ஹெட்ஃபோனை வேடிக்கை பாக்குற பொண்ணுங்க கைல குடுத்துப் பாருங்க. இது ஏன் சொல்றேன்னா, என் மொத படத்துல புதுச்சேரி முதலியார்பேட்டைல ஒரு வீட்ல ஷூட்டிங், வயசான ஒரு அம்மா நடிக்கிறாங்க, நாடகத்துல இருந்து வந்தவங்க, ஒரே டேக்ல அப்படி பேசுனாங்க, லைட்பாய்ல இருந்து எல்லாரும் கை தட்டிட்டாங்க. நான் மட்டும் தட்டல, அடுத்த தெருவுல ஜெனரேட்டர் ஓடுனது என் காதுல விழுந்துட்டே இருந்துது. ஒன் மோர்னு சொல்ல வாய் வரல, புது ஆளு, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நாம ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன். எடிட்டிங்ல அந்த சத்தத்தை எடுக்கவே முடியல. டப்பிங்குக்கு கூப்பிட்டப்ப அந்தம்மாவுக்கு உடம்பு முடியல, வேற ஒருத்தரை வெச்சு பேச வெச்சாங்க. படத்துல இன்னைக்கும் அவங்க வாய்ல வேற யாரோதான் பேசுறாங்க. அதுக்கப்புறம் நான் ஒன் மோர் கேக்காம இருந்ததே இல்ல, திட்டு நிறைய வாங்கியிருக்கேன். பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி கூட்டத்துக்கு நடுவுல நின்னு "எனக்கு கேக்கல, ஒன் மோர்"னு சொல்லிப் பழகட்டும்.

பாட்டு பத்தி சுருக்கமா. சினிமா பாட்டை போடாதீங்க. ஸ்கூலுக்குள்ள டீச்சர், பசங்க, பெத்தவங்க மட்டும் பாக்கும்போது சட்டம் கொஞ்சம் விட்டுக் குடுக்கும், யூடியூப்லயோ விழாவுக்கோ போட்டா மாட்டும். பாரதியார் பாட்டு நாட்டுடைமை, பாரதிதாசன் புதுச்சேரிக்காரரு, அவர் எழுத்தும் நாட்டுடைமை, வரிகளை யாரும் எடுக்கலாம், ஆனா ஏற்கனவே யாரோ பாடி ரெக்கார்ட் பண்ணுன ட்ராக்கை எடுக்கக் கூடாது, மெட்டும் ஒலிப்பதிவும் தனித்தனி உரிமை. உங்க பசங்களே சொந்தமா மெட்டு போட்டு பாடுனா வம்பே இல்ல. பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்காம எந்தப் புள்ளை முகத்தையும் நெட்ல ஏத்தாதீங்க. ரயில்வே பிளாட்ஃபாரத்துல அனுமதி இல்லாம கேமராவை நீட்டாதீங்க. ட்ரோன் வேணும்னு ஒருத்தன் கேப்பான், எல்லா குரூப்லயும் ஒருத்தன் உண்டு, முடியாதுன்னு சொல்லிடுங்க.

இப்ப அந்த அப்பா. அவர் கேக்குறது தப்பில்ல, டீச்சர். கடலுக்குப் போனா இன்னைக்கு மீன் உண்டா இல்லையான்னு தெரியாம வாழ்ந்த மனுஷன், புள்ளையாவது மாசச் சம்பளத்துல உக்காரணும்னு நெனைக்கிறாரு. சினிமாவும் அதே கடல்தான்னு அவருக்கு நல்லாவே தெரியும். அதனால நல்லா சம்பாதிப்பான்னு பொய் சொல்லாதீங்க. எனக்கு மாசம் முழுக்க வேலை இருந்த வருஷமும் உண்டு, நாலு மாசம் சும்மா இருந்த வருஷமும் உண்டு, அதை நான் சொன்னதாவே சொல்லுங்க. ஆனா சினிமான்னா ஹீரோ டைரக்டர் மட்டும்தான்னு அவர் நெனைச்சிருப்பாரு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், இதெல்லாம் மெக்கானிக் வேலை மாதிரி கைத்தொழில், படம் இல்லன்னா விளம்பரம், கல்யாணம், டிவி, மேடை ஷோன்னு கை ஓடும். சென்னை தரமணில அரசோட எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம் இருக்கு, பிளஸ் டூ முடிச்சு சேரலாம், அரசு இடங்குறதால செலவு கம்மி. கேமரா, சவுண்டு பிரிவுக்கெல்லாம் பிளஸ் டூல இயற்பியல் கேக்குறது வழக்கம், அதனால பத்தாவது முடிச்சு குரூப் எடுக்கும்போதே அந்த வருஷத்து விண்ணப்பத்தை பாத்துடணும், "சினிமாவுக்கு எதுக்கு பிசிக்ஸ்"னு குரூப்பை மாத்திட்டு அப்புறம் அழுதவங்களை நான் பாத்திருக்கேன். புனேல 1960-ல ஆரம்பிச்ச இன்ஸ்டிட்யூட், கல்கத்தால 1995-ல வந்த சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட், ரெண்டுலயும் முக்கியமான கோர்ஸுக்கு டிகிரி முடிச்சிட்டுதான் பரீட்சை எழுதணும். புதுச்சேரி பல்கலைக்கழகத்துல எலக்ட்ரானிக் மீடியாவுக்குன்னு ஒரு துறை இருக்கு, வீட்ல இருந்து பஸ்ஸு. ஆக எந்த வழியா போனாலும் பையன் மொதல்ல பிளஸ் டூவை ஒழுங்கா முடிக்கணும். இதை அவங்கப்பாகிட்ட நீங்க சொல்லுங்க, பாதி சண்டை அதுலயே தீரும். மீதிக்கு, அவரையே ஒரு நாள் ரெக்கார்ட் பண்ண அந்தப் பையனை அனுப்புங்க. கடல்ல ராத்திரி இன்ஜினை நிறுத்துனா என்ன கேக்கும்னு கேக்கச் சொல்லுங்க. எனக்கே தெரியணும் அது.

புதுச்சேரி அரசு நடத்துற இந்தியத் திரைப்பட விழா அறிவிச்சாங்கன்னா நாலஞ்சு பசங்களை கூட்டிட்டு வாங்க, ஒரு மணி நேர பஸ்தான், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல விருது குடுக்குறது அங்கதான், அவர் சமாதியும் புதுச்சேரியிலதான் இருக்கு.

கடைசியா ஆண்டு விழா. போன தடவை கேக்காததுக்கு பாதி காரணம் உங்க ஹாலு. ஷீட் போட்ட கூரை, வெறும் செவுரு, எல்லா சத்தமும் முட்டி முட்டி திரும்பும். இந்த தடவை முந்தின நாளே படத்தை அந்த ஹால்ல ஓட்டிப் பாருங்க, நீங்க கடைசி பெஞ்சுல உக்காருங்க, ஸ்பீக்கரை மேடை மேல வைக்காம ஹாலுக்கு நடுவுல ரெண்டு பக்கமும் கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க. மைக் செட்காரர் பழக்கதோஷத்துல எக்கோவை ஏத்தி வெச்சிருப்பாரு, ஊர்த் திருவிழாவுக்கு வெச்சது அப்படியே இருக்கும். அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அந்தத் திருகாணியை மட்டும் சைபருக்கு கொண்டாரச் சொல்லுங்க, திருப்பி ஏத்தாம பாத்துக்க பக்கத்துல ஒரு பொண்ணை நிறுத்துங்க.